சர்க்கரை இல்லாத குப்பி

"ஒருத்தரோட மூத்திரத்தை இன்னொருத்தர் திருடுவாங்களா மேடம்? திருடறதுக்கு உலகத்துல வேற பொருளே இல்லையா?" என்று கேட்டான் ரேடியோ.

"திருடலை. மாத்தியிருக்காங்க. வாயை மூடிட்டு டாக்டர் சொல்றதைக் கேளு" என்றார் ஊசி மேடம்.

வாயை மூடுவது ரேடியோவுக்குப் பிறவியிலேயே அமையாத வித்தை. நாற்பதை எட்டிக்கொண்டிருந்தான், இரட்டைக் குழந்தைகளுக்குத் தகப்பன். அந்தப் பெயரை வைத்தது தன் மனைவிதான் என்றும், அணைக்கிற பட்டன் எங்கே இருக்கிறது என்று அவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள் என்றும் அவனே எல்லோரிடமும் சொல்வான்.

ஊசி மேடத்தின் பெயருக்குக் காரணம் வேறு. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடிக்கிற வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவர். ஐம்பதைத் தாண்டிய பிறகு சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். யாரிடமும் அவர் நேராக விசாரிக்க மாட்டார். வெயில், விலைவாசி என்று எதையாவது பேசிக்கொண்டே இருப்பார். எதிராளி அசந்த நேரத்தில் ஒரே ஒரு கேள்வி. குத்தியது உறைப்பதற்குள் ரத்தம் எட்டிப் பார்த்திருக்கும். அந்த ஒரு கேள்வியில் அவருக்கு ஏகப்பட்ட கர்வம்.

மருத்துவமனையின் பின்கட்டில், உறைபெட்டிகள் உறுமிக்கொண்டிருந்த அறைக்குப் பக்கத்து அறையில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆய்வக டாக்டர் மேஜையின் விளிம்பைத் தேய்த்தபடி பேசினார். நோயைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர், ஆளைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் தவிக்கிறவர் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நம்ம உடம்புல இருக்கற செல்கள் சும்மா இருக்காது மேடம். கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிப் பொட்டலமா கட்டி வெளிய அனுப்பிட்டே இருக்கும். கிட்னியில இருக்கற செல் அனுப்பின பொட்டலம் சிறுநீரோட வெளிய வந்துடும். பிரிச்சுப் பார்த்தா அந்தச் செல் நல்லா இருக்கா, கஷ்டத்துல இருக்கான்னு தெரியும். ஊசி குத்தாம, கத்தி வைக்காம, உள்ள நடக்கறதைச் சிறுநீரே சொல்லிடும். அதைத்தான் ஆராய்ச்சி பண்றோம்."

"அப்போ தினமும் காலைல நாம ஒரு கூரியர் ஆபீஸையே கவிழ்த்துட்டு வர்றோம்" என்றான் ரேடியோ.

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆரோக்கியமா இருக்கறவங்களோடதையும் ஒப்பிட்டுப் பார்க்கணும். அதுக்காக பஸ் டிப்போவுல முகாம் போட்டோம். ஆளுக்கொரு குப்பி கொடுத்து, காலைல முதல்ல போறதைப் பிடிச்சுக் கொண்டுவரச் சொன்னோம். போன மாசம் வந்த குப்பிகளை இந்த வாரம்தான் எடுத்துப் பார்த்தோம். அதுல ஒரு டிரைவரோட குப்பியில கிட்னி வடிகட்டியோட செல்கள் அனுப்பின பொட்டலம் தாறுமாறா இருக்கு. வடிகட்டி பிய்ய ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். பதறிப்போய் அவரை வரவழைச்சு நேத்து என் கண்ணு முன்னாடியே இன்னொரு குப்பி வாங்கினேன். அது சுத்தம். கிட்னி இரும்பு மாதிரி இருக்கு."

"குணமாயிடுச்சோ?"

"ஒரு மாசத்துல, மருந்தில்லாம குணமாகாது. இன்னொண்ணும் இருக்கு. நேத்து வாங்கினதுல சர்க்கரை நிறைய இருக்கு. பழைய குப்பியில துளிகூட இல்லை. ரெண்டும் ஒரே ஆளோடதா இருக்கவே முடியாது மேடம். வேற யாரோ ஒருத்தருக்குக் கிட்னி போயிட்டிருக்கு. அது அவங்களுக்கே தெரியாது. டிரைவரைக் கேட்டா, ரெண்டும் என்னோடதுதான்னு சத்தியம் பண்றார். வீடு வீடாப் போய் விசாரிக்க என்னால முடியாது. உங்களுக்குச் சொல்ல மட்டும் எங்க ஆராய்ச்சி நெறிமுறைக் குழுகிட்ட அனுமதி வாங்கியிருக்கேன். வெளிய போகக் கூடாது."

ஊசி மேடம் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

"டாக்டர், கூரியர்னா அனுப்பினவங்க முகவரி இருக்குமே? அந்தப் பொட்டலங்கள்ல எது எந்த உறுப்புலேர்ந்து வந்ததுன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"ஆம்பளைக்கு மட்டும் இருக்கற உறுப்பிலேர்ந்தும் பொட்டலம் வருமா?"

டாக்டர் தேய்த்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "புராஸ்டேட் சுரப்பி. அதுலேர்ந்து ஏராளமா வரும். நாங்க கிட்னியை மட்டும்தானே தேடினோம்…" என்று எழுந்து உள்ளே ஓடினார். திரும்பி வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. வந்தவர் வாசலிலேயே நின்று சொன்னார்.

"ஒண்ணுகூட இல்லை. அது ஒரு பொம்பளையோட சிறுநீர்."

"மேடம், கூரியரை வெச்சே ஆளைப் பாதியாக் குறைச்சிட்டீங்க. மீதி பாதி உலகத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றான் ரேடியோ.

ஊசி மேடம் சிரித்தார். கதை அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சர்க்கரை நோயை மறைக்கிற டிரைவர். தெரிந்தால் வண்டியை விட்டு இறக்கிவிடுவார்கள் என்ற பயம். மனைவியின் சிறுநீரை நிரப்பிக் கொடுத்திருக்கிறார். காப்பீட்டில் இதைவிடச் சாமர்த்தியமான ஆட்களைப் பார்த்தாயிற்று.

மறுநாள் காலை இருவரும் பணிமனைக்குப் போனார்கள். கழுவிய பேருந்துகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநர்களின் ஓய்வறையில் ஏழெட்டுப் பேர் பெஞ்சுகளில் சாய்ந்திருந்தார்கள். அவர்கள் தேடி வந்தவரைச் சக ஓட்டுநர்கள் 'நேர்க்கோடு' என்று கூப்பிட்டார்கள். வண்டியை அப்படி ஓட்டுவாராம். ஆளும் அப்படித்தானாம். டிக்கெட் இல்லாமல் சொந்தத் தம்பியையே ஏற்ற மாட்டாராம்.

நேர்க்கோடுகள் வளைவதை ஊசி மேடம் நிறையப் பார்த்திருக்கிறார்.

சாலை மோசமாகிவிட்டதைப் பற்றிப் பேசினார். புது வண்டிகளின் கியரைப் பற்றிக் கேட்டார். நேர்க்கோடு துண்டை மடித்தபடி பணிவாகப் பதில் சொன்னார். ஐம்பது வயது, கட்டையான உடம்பு, சுத்தமாக மழித்த முகம்.

"தூர வண்டி ஓட்டறவங்களுக்குத் தண்ணி ரொம்ப தவிக்கும், இல்லையா?"

"ஆமாங்க. இப்பல்லாம் ரொம்பவே தவிக்குது."

"சர்க்கரையை எத்தனை வருஷமா மறைக்கிறீங்க?"

மடித்துக்கொண்டிருந்த துண்டு அவர் கையில் நின்றது. ஓய்வறையில் பேச்சு அடங்கியது.

"எந்தச் சர்க்கரைங்க?"

"முந்தாநாள் கொடுத்த குப்பியில இருக்கறது. முகாம்ல கொடுத்த குப்பியில இல்லாதது. ஏன் இல்லைன்னா அது உங்களோடது இல்லை. அது ஒரு பொம்பளையோடது. யாரோடது?"

மூலையில் படுத்திருந்த ஓர் ஓட்டுநர் எழுந்து உட்கார்ந்தார். "யாருண்ணே அது? எங்களுக்குத் தெரியாம ஒரு ஸ்டாப்பிங்கா?" அறை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. ரேடியோவும் சிரித்துவிட்டான்.

நேர்க்கோட்டின் முகம் கழுத்துவரை சிவந்தது. "என்னோடதுதாம்மா. நானே பிடிச்சு, நானே மூடி வெச்சேன்" என்றார். இரண்டாவது முறை அதையே சொன்னபோது குரல் இறங்கிவிட்டது. பிறகு ஊசி மேடத்தின் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி, "எனக்குச் சர்க்கரை இருக்காம்மா?" என்று கேட்டார்.

நல்ல நடிப்பு என்று நினைத்துக்கொண்டார் ஊசி மேடம்.

வாசலில் நின்றிருந்த பணிமனை மேலாளர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "அண்ணே, தூர வண்டியை இன்னைக்கு வேற ஆள் எடுக்கட்டும். டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று கண்ணைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

அங்கிருந்து நேராக அவருடைய வீட்டுக்கு. ஒரு கட்டிடத்தின் மூன்றாவது மாடி. படியில் அவர்களுக்கு முன்னால் ஒரு பெண் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தாள். கல்லூரிப் பை, காலில் ஆண்கள் போடுகிற அகலமான தோல் செருப்பு. ஒவ்வொரு படிக்கும் அது 'தொப் தொப்' என்று விழுந்தது.

"அப்பா செருப்பா தங்கச்சி? வண்டி ஓட்டக் கத்துக்கறதுக்கு முன்னாடி செருப்பு ஓட்டக் கத்துக்கறீங்க போலிருக்கு!" என்றான் ரேடியோ.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். தூங்கி எழுந்ததுபோல் உப்பிய முகம். காலை உள்ளிழுத்துக்கொள்வதுபோல் வேகமாக ஏறிப்போய் ஒரு கதவைத் திறந்து மறைந்தாள். அதுதான் நேர்க்கோட்டின் வீடு. அவருடைய ஒரே மகள்.

முன்னறை முழுக்கத் துணி. ஜன்னலோரம் தையல் மெஷினில் அம்மா உட்கார்ந்திருந்தார். யாரோ ஒருவரின் சட்டைக் கைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தார். ஊசி மேடம் துணியின் தரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். பிறகு கேட்டார்.

"முகாமுக்கு உங்க வீட்டுக்காரர் கொண்டுபோன குப்பியில உங்களோடதைப் பிடிச்சுக் கொடுத்தீங்களா?"

அந்த அம்மாவுக்கு முதலில் புரியவே இல்லை. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

"அது அவரோடது இல்லைங்கறீங்களா?"

"இல்லை. ஒரு பொம்பளையோடது."

மெஷின் சக்கரத்தின் மேல் அவர் கை அப்படியே நின்றது.

"பொம்பளையோடதா?"

"ஆமா."

"நான் கொடுக்கலைங்க."

"பயப்படாதீங்க. கொடுத்தவங்களைத் தண்டிக்க வரலை. அவங்களுக்கு உடம்பு சரியில்லை. காப்பாத்தத்தான்…"

"நான் கொடுக்கலைன்னு சொல்றேன்ல?" எழுந்தார். "குப்பி கொண்டுவந்திருக்கீங்களா? கொடுங்க."

உள்ளே போய்த் திரும்பி வந்து, மூடிய குப்பியை ஒரு துணித் துண்டில் சுற்றி ஊசி மேடத்தின் கையில் வைத்தார். அவர் கண்கள் கலங்கவில்லை. குரல்தான் எங்கோ தூரத்திலிருந்து வந்தது.

"சோதிச்சுப் பாருங்க. என்னோடது இல்லைன்னு வந்துச்சுன்னா, அப்ப அது எந்தப் பொம்பளையோடதுன்னும் நீங்களே கண்டுபிடிச்சு எனக்குச் சொல்லிடுங்க."

உள்ளறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. அதன் பின்னால் யாரோ நிற்பதை ஊசி மேடம் பார்த்தார். மகளுக்குக் கேட்டிருக்கும். அதற்கு என்ன செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டு படி இறங்கினார். பாதிப் படியில் நேர்க்கோடு எதிரே வந்தார். இந்த நேரத்தில் அவர் வீடு திரும்பி எத்தனை வருடம் ஆகியிருக்குமோ. இவர்களைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார்.

மறுநாள் மதியம் ஆய்வகத்தில் டாக்டர் அவர்களை உட்காரச் சொல்லவில்லை.

"அந்த அம்மாவோடது சுத்தமா இருக்கு. கிட்னியில ஒரு குறையும் இல்லை. அவங்க இல்லை."

"அப்படியா…"

"டிப்போவுலேர்ந்து போன் வந்துச்சு மேடம். சர்க்கரை விஷயத்தை எல்லார் முன்னாடியும் சொன்னீங்களாமே? வெளிய போகக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? அவருக்கே நான் இன்னும் சொல்லலை. சாவகாசமா உட்காரவெச்சுச் சொல்லலாம்னு இருந்தேன். அவருக்கு இருக்குன்னு அவருக்கே தெரியாது!"

ஊசி மேடத்துக்கு அந்தத் தாழ்ந்த குரல் நினைவுக்கு வந்தது. எனக்குச் சர்க்கரை இருக்காம்மா? அது நடிப்பல்ல. ஒரு மனிதன் தன் நோயை முதல் முறையாகக் கேள்விப்பட்டு, சுற்றிலும் சிரிக்கிறவர்களுக்கு நடுவே, அதைச் சொன்னவளிடமே மெதுவாகக் கேட்ட கேள்வி. அதற்கு ஊசி மேடம் பதில்கூடச் சொல்லவில்லை. பெரிய கேள்வியைக் கேட்டுவிட்ட பெருமிதத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அவர் மறைக்கலைன்னா குப்பியை மாத்தவும் காரணம் இல்லையே மேடம்" என்றான் ரேடியோ. குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

"இல்லை. நான்தான் காரணத்தைக் கற்பனை பண்ணேன்." அவர் டாக்டரை நிமிர்ந்து பார்ப்பதற்குச் சிரமப்பட்டார். "அந்தப் பழைய குப்பியைப் பார்க்கலாமா? ரெண்டு குப்பியையும்."

இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு இரண்டையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். இரண்டிலும் ஒட்டியிருந்த தாளில் ஓட்டுநரின் பெயர் பேனாவில் எழுதியிருந்தது. கொடுக்கிறவர்களே எழுதித் தருவதுதான் வழக்கம் என்றார் டாக்டர்.

புதுக் குப்பியில் பெயர் ஒரே இழுப்பில் சாய்வாக ஓடியது. பழைய குப்பியின் தாள் தண்ணீர் பட்டுச் சுருங்கியிருந்தது. மை கரைந்து நீலமாகப் பரவியிருந்தது. அந்தக் கறையின் மேல் அதே பெயர், அதே சாய்வில். ஊசி மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தாளுக்கு மேல் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்தும் நடுங்கி நடுங்கி, நின்று நின்று போயிருந்தது. அழிந்த எழுத்தின் தடத்தில் பேனாவை வைத்து யாரோ பொறுமையாக இழுத்திருக்கிறார்கள்.

"ரேடியோ, தன் கையெழுத்தைத் தானே பார்த்துக் காப்பியடிக்கிற ஆளை நீ பார்த்திருக்கியா?"

"பரீட்சையில பக்கத்துப் பையனோடதைத்தான் மேடம் நான்…" பாதியில் நிறுத்தினான். "இல்லை. யாரும் அப்படிப் பண்ண மாட்டாங்க."

"அவர் மாத்தலை. அவருக்குத் தெரியாம மாத்தியிருக்காங்க. ஏமாத்தறவங்க குப்பியைக் கழுவ வேண்டிய அவசியமும் இல்லை. குப்பி கவிழ்ந்திருக்கு. கொட்டிப் போயிருக்கு. கழுவி, தன்னோடதைப் பிடிச்சு, அழிஞ்ச பேரை மறுபடி எழுதி, இருந்த இடத்துலயே வெச்சிருக்காங்க. அந்த வீட்டுக்குள்ள இருக்கற ஒரு பொம்பளை. அம்மா இல்லை."

ரேடியோ நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தான்.

"அந்தச் செருப்பு மேடம்" என்றான். "அவ செருப்பு அவ காலுக்குப் போகலை. கால் வீங்கியிருக்கு. முகமும்தான் வீங்கியிருந்தது. நான் அதை வெச்சு ஜோக் அடிச்சேன்."

"கால்ல வீக்கமா?" டாக்டர் ஏற்கெனவே போனை எடுத்துவிட்டார். "உடனே கூட்டிட்டு வாங்க. நான் படுக்கைக்குச் சொல்லி வைக்கிறேன்."

அந்தப் பெண் கல்லூரிக்குப் போகவில்லை. மூன்றாவது மாடிக்கு ஏறும் படியிலேயே, பாதி வெளிச்சத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை போலும். ஊசி மேடம் ரேடியோவைக் கீழேயே நிற்கச் சொன்னார். அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார். வெயில், விலைவாசி எதுவும் பேசவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு கேட்கணும்மா. பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்லை. நீ சொல்றது உன்னைக் கேட்காம யாருக்கும் போகாது. குப்பி கை தவறிக் கொட்டிடுச்சா?"

அவள் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"குளிக்கப் போனேன். அப்பா பேரெழுதின பேனாவோட அதை ஜன்னல் திட்டுல வெச்சிருந்தார். துண்டை இழுத்தேன், கீழ விழுந்து மூடி கழண்டுடுச்சு. எல்லாம் போயிடுச்சு. அப்பா வெளிய நின்னு நேரமாச்சு, நேரமாச்சுங்கறார். உங்க மூத்திரத்தைக் கொட்டிட்டேன்னு அப்பாகிட்ட எப்படிங்க சொல்றது? எனக்கு வாயே வரலை. சும்மா டெஸ்ட்டுதானே, யாரோடதா இருந்தா என்னன்னு…"

"ம்."

"நேத்து நீங்க வந்து பொம்பளைன்னு சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. கதவுக்குப் பின்னாடி நின்னுட்டே இருந்தேன். வெளிய வந்து சொல்லியிருக்கணும். சொல்லலை. அம்மா நேத்துலேர்ந்து அப்பாகிட்ட பேசலை. அப்பா சாப்பிடலை. இன்னைக்குச் சொல்லிடலாம்னு எழுந்து போவேன். வாசல்படி வரைக்கும் போவேன். இத்தனை நேரம் ஏன் சும்மா இருந்தேன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு திரும்பிடுவேன்."

"கால் எத்தனை நாளா இப்படி இருக்கு?"

அவள் பாவாடையை இழுத்துக் காலை மூடினாள். "பத்து நாள் இருக்கும். பாத்ரூம் போனா நுரை நுரையா வருது. ஒரு தடவை சிவப்பா வந்துச்சு. இதைப் போய் யார்கிட்டங்க சொல்றது?"

"என்கிட்ட சொல்லிட்டே. தைரியமான பொண்ணு." ஊசி மேடம் அவள் தோளைத் தொட வந்து, தொடாமல் கையை எடுத்துக்கொண்டார். "இதை உங்க அப்பா அம்மாகிட்ட நான் சொல்லப் போறதில்லை. உங்க வீட்டுல நான் சொன்னவரைக்கும் போதும். நீதான் சொல்லணும். வேணும்னா நான் பக்கத்துல நிக்கறேன். திட்டு விழுந்தா எனக்கும் சேர்த்து விழட்டும்."

அவள் சொன்னாள். முன்னறையில், துணிக் குவியலுக்கு நடுவே, ஒரே மூச்சில், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அம்மாவின் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவி விழுந்தது. நேர்க்கோடு எழுந்து வந்து மகளின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். பாவாடை விளிம்பைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிவிட்டுக் கட்டை விரலால் அழுத்தினார். அழுத்திய இடம் பள்ளமாகவே நின்றது.

"பத்து நாளா என் செருப்பைப் போட்டுட்டுத் திரியறே" என்றார். "வாசல்ல செருப்பைக் காணோமேன்னு நானும் பத்து நாளா தேடறேன். ஏன்னு ஒரு வார்த்தை கேட்கலையே நான்."

அவளை அன்றே மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்ததில் டாக்டர் சந்தேகப்பட்டதுதான் இருந்தது. உடம்பின் காவல்காரர்களே வழி தவறி, வடிகட்டிகளைத் தாக்கிக்கொண்டிருந்தார்கள். மாத்திரைகள் நிறைய, நீண்ட நாளைக்கு. முகம் இன்னும் கொஞ்சம் உப்பும், முடி கொட்டலாம். ஆனால் கிட்னி பிழைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். இன்னும் சில மாதம் வெட்கப்பட்டுக்கொண்டு இருந்திருந்தால் பிழைத்திருக்காது.

நேர்க்கோட்டின் சர்க்கரைக்கும் மருந்து எழுதிக் கொடுத்தார்கள். கட்டுக்குள் வந்தது என்று டாக்டர் எழுதித் தரும்வரை உள்ளூர் வண்டி மட்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

ஊசி மேடம் மறுபடி பணிமனைக்குப் போனார். ரேடியோவை வர வேண்டாம் என்றார். அவன் வந்தான். ஓய்வறையில் அதே முகங்கள். நேர்க்கோடு அலமாரியில் எதையோ வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு இந்த ரூம்ல நான் சொன்னது அத்தனையும் தப்பு" என்றார் ஊசி மேடம். இருபத்தைந்து வருடமாகக் கேள்வி மட்டுமே கேட்டுப் பழகிய குரல், சொல்வதற்குத் தடுமாறியது. "இவர் எதையும் மாத்தலை. எதையும் மறைக்கலை. கேட்டதுக்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னார். இவரோட நோயை உங்க எல்லார் முன்னாடியும் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. சொன்னேன். பெரிய புத்திசாலின்னு நினைச்சுட்டுச் சொன்னேன். அன்னைக்கு எத்தனை பேர் இருந்தீங்களோ அத்தனை பேர் முன்னாடியும் மன்னிப்பு கேட்கத்தான் வந்தேன்."

ஸ்டாப்பிங் என்று கேலி செய்த ஓட்டுநர் காலணிக் கயிற்றைக் கட்டுவதற்குக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

நேர்க்கோடு சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். "எம் பொண்ணைக் காப்பாத்தினீங்க. அதை நான் மறக்க மாட்டேன்" என்றார். "மத்ததை மறக்கறேன்னு சொன்னா பொய் சொன்ன மாதிரி ஆயிடும். என்கிட்ட கேட்டது போதும்மா. என் வீட்டுக்காரிகிட்டயும் ஒரு வார்த்தை பேசுங்க. ஆஸ்பத்திரியில இருப்பா."

வார்டுக்கு வெளியே சுவரோரம் ஒரு நீளப் பெஞ்சு. அந்த அம்மா அதன் ஒரு முனையில், சாப்பாட்டுக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊசி மேடம் எதிரே நின்றபடியே சொல்ல வந்ததைச் சொன்னார். அந்த அம்மா குறுக்கிடாமல் கேட்டார்.

"நீங்க சொன்னதுக்கு நீங்க மன்னிப்பு கேட்டுட்டீங்க" என்றார் கடைசியில். "நீங்க பொம்பளைன்னு சொன்னீங்க பாருங்க, நான் நம்பிட்டேன். இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தவரை, யாருன்னே தெரியாத நீங்க சொன்ன ஒரு வார்த்தையை வெச்சுச் சந்தேகப்பட்டுட்டேன். ராத்திரி பூரா யாரா இருக்கும்னு ஒவ்வொரு முகமா யோசிச்சேன். அவர் கேட்டார்னா, நான் நம்பவே இல்லைன்னு சொல்லிடணும்னு வெச்சிருக்கேன்." புடவைத் தலைப்பால் கூடையின் மூடியைத் துடைத்தார். "அவர் கேட்கவே மாட்டேங்கறார்."

ரேடியோ ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

படிக்கட்டில் காலடிச் சத்தம். நேர்க்கோடு சீருடையோடு வந்தார், கையில் மருந்துப் பை. மூவரையும் பார்த்தார். மகள் தூங்குகிறாளா என்று கேட்டார். ஆமாம் என்று தலையசைப்பு. பெஞ்சின் மறுமுனையில், நடுவில் இடம் விட்டு, உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவே கூடை இருந்தது.

அந்த அம்மா கூடையைத் தூக்கித் தரையில் வைத்தார்.

நேர்க்கோடு நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வா" என்று ரேடியோவின் கையைத் தொட்டார் ஊசி மேடம். இருவரும் ஓசைப்படாமல் படி இறங்கினார்கள்.